தட்டையான உருவங்களும் தாங்கும் புள்ளியும்

ஒரு பொருளின் ஒவ்வொரு துகளையும் பூமி தனித்தனியே இழுக்கிறது என்றாலும், அந்த எண்ணற்ற சிறு இழுவிசைகளின் கூட்டு விளைவு, பொருளின் எடை முழுவதும் ஒரே புள்ளியில் திரண்டிருந்தால் எப்படியிருக்குமோ அப்படியே அமைந்துவிடுகிறது. அந்தப் புள்ளியே ஈர்ப்பு மையம். எடையை விட்டுவிட்டு, பொருளில் அடங்கிய பருப்பொருளின் அளவாகிய நிறையை மட்டும் வைத்து அதே கணக்கைச் செய்தால் கிடைக்கும் புள்ளிக்கு நிறை மையம் என்று பெயர். ஈர்ப்பு விசை இடத்துக்கிடம் மாறுமளவுக்குப் பரந்த பொருள்களில் இவ்விரண்டும் விலகக்கூடும். மேசைமேல் வைத்துப் பார்க்கத்தக்க எதற்கும் அவை ஒன்றே. பொருள் சீரான தடிமனும் சீரான அடர்த்தியும் கொண்ட மெல்லிய தகடாக இருந்துவிட்டால் வேலை இன்னும் எளிது. எங்கே பரப்பு மிகுகிறதோ அங்கே நிறையும் அதே விகிதத்தில் மிகுவதால், உருவத்தின் வடிவம் மட்டும் தெரிந்தால் போதும், அது தகரமா அட்டையா என்று கேட்க வேண்டியதே இல்லை.

நிறை மையத்தின் வழியே ஒரு கோடு போட்டால் பொருள் இரு சம பாதிகளாகப் பிரியும் என்ற எண்ணம் மாணவர்களிடம் மட்டுமன்றிப் பாடம் நடத்துவோரிடமும் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அது தவறு என்பதை ஒரு துடைப்பம் காட்டிவிடும். நீண்ட கைப்பிடி கொண்ட துடைப்பத்தை விரல்மேல் கிடைமட்டமாக நிறுத்தி, அது சாயாமல் நின்ற இடத்தில் அறுத்து, இரு துண்டுகளையும் தராசில் ஏற்றினால், கூட்டும் முனையுள்ள குட்டைத் துண்டே கனமாக இருக்கும். சமநிலையில் ஒத்துப்போவது எடைகளல்ல என்பதால் இது நிகழ்கிறது. ஒவ்வொரு எடையையும் தாங்குபுள்ளியிலிருந்து அது இருக்கும் தொலைவால் பெருக்கிவரும் அளவுக்குத் திருப்புத்திறன் என்று பெயர். இருபுறத் திருப்புத்திறன்களும் சமமாகும்போதுதான் பொருள் நிற்கிறது. கைப்பிடி இலேசானது, ஆனால் அதன் எடை தொலைவில் இருக்கிறது. கூட்டும் முனை கனமானது, ஆனால் அருகில் இருக்கிறது. ஆகவே நிறை மையம் என்பது தொலைவையும் கணக்கில் கொண்ட ஒரு சராசரி இடம். அதைக் கண்டறிய உள்ள வழிகள் பலவாயினும், எல்லாமே இந்த ஒரு வரையறையின் கிளைகள்தாம்.

அவற்றுள் மிகப் பழகிய வழி பள்ளி ஆய்வகத்தில் செய்யப்படுவது. ஒழுங்கற்ற வடிவில் வெட்டிய அட்டையின் விளிம்பருகே துளையிட்டு, சுவரில் அடித்த ஆணியில் மாட்டி, அதே ஆணியிலிருந்து ஒரு குண்டுநூலையும் தொங்கவிட வேண்டும். கொத்தனாரின் தூக்குக்குண்டு கிடைக்காவிட்டால் நூலின் நுனியில் கட்டிய ஓர் இரும்பு நட்டே போதும். அட்டையின் எடை நிறை மையத்தின் வழியே கீழ்நோக்கியும், ஆணியின் தாங்குவிசை துளையின் வழியே மேல்நோக்கியும் செயல்படுகின்றன. இவ்விரண்டும் ஒரே செங்குத்துக் கோட்டில் அமையாத வரை அட்டை திரும்பிக்கொண்டேதான் இருக்கும். ஆடி அடங்கி நின்ற நிலையில் மையம் ஆணிக்கு நேர் கீழே வந்துவிட்டது என்று பொருள். எனவே நூல் காட்டும் கோடு மையத்தின் வழியே செல்கிறது. வேறொரு துளையில் மாட்டி இன்னொரு கோடு வரைந்தால், இரண்டும் வெட்டும் புள்ளியே விடை.

செய்முறை எளிதாகத் தோன்றினாலும் அதன் துல்லியம் சில சிறு விவரங்களைப் பொறுத்தது. துளை ஆணியைவிடச் சற்றுப் பெரிதாக இல்லாவிட்டால் உராய்வு அட்டையைத் தவறான நிலையிலேயே பிடித்து நிறுத்திவிடும். அட்டையை ஒருமுறை இலேசாக ஆட்டிவிட்டு, அது மீண்டும் அதே இடத்துக்கு வருகிறதா என்று பார்ப்பதே இதற்குரிய சோதனை. துளைகளைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் தேவை. வரையப்படும் இரு கோடுகளும் ஏறக்குறையச் செங்கோணத்தில் வெட்டினால் நல்லது. 10 பாகைக் கோணத்தில் வெட்டிக்கொண்டால், ஒரு கோட்டை வரைவதில் நேரும் 1 மி.மீ. பிழை வெட்டும் புள்ளியை ஏறத்தாழ 6 மி.மீ. நகர்த்திவிடும். மூன்றாவது துளையிலிருந்து ஒரு கோடு வரைவது வீண்வேலை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். உண்மையில் அந்த மூன்றாவது கோடுதான் செய்முறையின் நேர்மையைச் சொல்கிறது. மூன்றும் ஒரு புள்ளியில் கூடாமல் ஒரு சிறு முக்கோணத்தை அடைத்தால், அந்த முக்கோணத்தின் அளவே பிழையின் அளவுக்கு ஒரு குறிப்பு.

தொங்கவிடுவதற்கு அட்டையே இல்லாத இடத்தில், அதாவது வடிவியலில், முதல் சோதனைப் பொருள் முக்கோணம். முக்கோணத்தை ஒரு பக்கத்துக்கு இணையான மெல்லிய கீற்றுகளாக நறுக்கினால், ஒவ்வொரு கீற்றும் அதன் நடுவில் சமநிலை கொள்ளும். அந்த நடுப்புள்ளிகள் அனைத்தும் எதிர் முனையையும் அப்பக்கத்தின் மையத்தையும் இணைக்கும் நடுக்கோட்டின் மேல் அமைகின்றன. ஆகவே முக்கோணத்தின் மையம் நடுக்கோட்டில் இருக்க வேண்டும். மற்றப் பக்கங்களுக்கும் இதே வாதம் பொருந்துவதால், அது மூன்று நடுக்கோடுகளும் சந்திக்கும் புள்ளியாகிறது. பாடநூல்கள் அதை நடுக்கோட்டு மையம் என்கின்றன.

அப்புள்ளி அடிப்பக்கத்திலிருந்து உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு தொலைவில் இருக்கிறது என்பதைக் கீற்றுகளே இல்லாமல், கூட்டிக் கழிப்பதை மட்டும் கொண்டு காட்டும் அழகான வழி ஒன்று உண்டு. முக்கோணத்தின் பக்கங்களின் நடுப்புள்ளிகளை இணைத்தால் அது நான்கு சம முக்கோணங்களாகப் பிரிகிறது. மூன்று நிமிர்ந்தும் நடுவில் ஒன்று தலைகீழாகவும் நிற்கின்றன. நான்கும் பெரிய முக்கோணத்தின் பாதி அளவுப் பிரதிகள். பெரிய முக்கோணத்தின் உயரத்தை 1 என்றும், அதன் மையம் இருக்கும் உயரத்தை ‘ம’ என்றும் கொண்டால், ஒவ்வொரு சிறு முக்கோணத்திலும் மையம் அதனதன் அடிப்பக்கத்திலிருந்து ‘ம’வில் பாதித் தொலைவில் இருக்கும். எனவே கீழே உள்ள இரு நிமிர்ந்த முக்கோணங்களின் மையங்கள் ‘ம’வில் பாதி உயரத்திலும், மேலே உள்ளதன் மையம் அரையுடன் ‘ம’வில் பாதியைக் கூட்டிய உயரத்திலும், தலைகீழானதன் மையம் அரையிலிருந்து ‘ம’வில் பாதியைக் கழித்த உயரத்திலும் அமையும். நான்கையும் கூட்டினால் மொத்தம் 1 + ம. பரப்புகள் சமம் என்பதால் அதை நான்கால் வகுத்த சராசரியே முழு முக்கோணத்தின் மையம், அதுவோ ‘ம’. ஆக நான்கு ‘ம’க்கள் சேர்ந்து 1 + ம ஆகின்றன, ‘ம’ மூன்றில் ஒன்று. உருவம் தன் சிறு பிரதிகளால் ஆனது என்ற ஒரே செய்தியிலிருந்து விடை தானே வந்து விழுவதைப் பார்க்கையில், நுண்கணிதத்தை எடுத்துவரத் தேவையே எழவில்லை என்பது புலனாகும்.

பாதியாகப் பிரியும் என்ற தவறான எண்ணத்தை இப்போது எண்களால் சோதிக்கலாம். 45 செ.மீ. உயரமுள்ள முக்கோண அட்டையில் மையம் அடிப்பக்கத்திலிருந்து 15 செ.மீ. மேலே இருக்கிறது. அதன் வழியே அடிப்பக்கத்துக்கு இணையாக வெட்டினால் மேல்துண்டு 30 செ.மீ. உயரமுள்ள சிறு முக்கோணம். உயரம் மூன்றில் இரண்டாகக் குறைந்ததால் அதன் பரப்பு முழுப் பரப்பில் 9இல் 4 பங்கு. கீழ்த்துண்டாகிய சரிவகத்துக்கு 9இல் 5 பங்கு கிடைக்கிறது. மேல்துண்டின் மையம் வெட்டுக்கோட்டிலிருந்து 10 செ.மீ. உயரத்தில் உள்ளது, கீழ்த்துண்டின் மையம் 8 செ.மீ. கீழே உள்ளது. நாலு பத்து நாற்பது, ஐந்தெட்டு நாற்பது. பரப்புகள் சமமில்லாமலேயே திருப்புத்திறன்கள் சமமாகிவிடுகின்றன. உட்குழிவுகளற்ற எந்தத் தட்டை உருவத்திலும், மையத்தின் வழியே எப்படிக் கோடு போட்டாலும், சிறிய துண்டு 9இல் 4 பங்குக்குக் குறையாது என்பது பின்னாளில் நிறுவப்பட்ட தேற்றம். அதாவது, பாகப்பிரிவினையில் மிக மோசமான உருவம் முக்கோணமே.

இந்தத் துறைக்கு வித்திட்டவர் சிசிலித் தீவின் சிரக்கூஸ் நகரில் பொ.ஆ.மு. 3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆர்க்கிமிடீஸ். தளங்களின் சமநிலை பற்றி அவர் எழுதிய இரு பகுதி நூலின் முதல் பகுதி, சம எடைகள் சம தொலைவில் சமநிலை கொள்ளும் என்பது போன்ற சில எளிய எடுகோள்களிலிருந்து தொடங்கி, நெம்புகோல் விதியை நிறுவி, இணைகரம், முக்கோணம், சரிவகம் ஆகியவற்றின் மையங்களை வரிசையாகக் கண்டடைகிறது. இரண்டாம் பகுதி முழுவதும் பரவளையத் துண்டுக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதன் மையம் உச்சியிலிருந்து அச்சில் ஐந்தில் மூன்று பங்கு தொலைவில் இருப்பதாக அவர் நிறுவினார். மேலே சொன்ன கீற்று வாதத்தை அவர் அறியாதவரல்லர். ஆயினும் முடிவிலா எண்ணிக்கையில் கீற்றுகளைக் கூட்டுவதை நிறுவலாக ஏற்க அவருடைய கண்டிப்பு இடம்தரவில்லை. உருவங்களைக் கீற்றுகளாக்கிக் கற்பனைத் தராசில் நிறுத்திப் பார்க்கும் வழியை எரட்டோஸ்தெனீசுக்கு எழுதிய ஒரு மடலில் விவரித்து, அது கண்டுபிடிக்க உதவுமே தவிர நிறுவலாகாது என்றும் அவர் தெளிவுபடுத்தினார். 10ஆம் நூற்றாண்டில் படியெடுக்கப்பட்ட அம்மடலின் தோலேடுகளைச் சுரண்டி 13ஆம் நூற்றாண்டில் அவற்றின்மேல் வழிபாட்டு நூல் ஒன்றை எழுதிவிட்டார்கள். 1906இல் டென்மார்க் அறிஞர் ஹைபர்க் கான்ஸ்டாண்டிநோப்பிளில் அடி எழுத்துகளைப் படித்தறியும் வரை, ஆர்க்கிமிடீஸ் எப்படிச் சிந்தித்தார் என்பது உலகுக்குத் தெரியாமலே இருந்தது. அந்த ஏடு 1998இல் நியூயார்க்கில் 20 இலட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று.

முக்கோணத்தின் மையம் எது என்ற கேள்விக்கு, எதனால் ஆன முக்கோணம் என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் விடை சொல்ல வேண்டும். மூன்று முனைகளில் மட்டும் சம எடைகளை வைத்தாலும் மையம் நடுக்கோடுகள் சந்திக்கும் இடத்திலேயே அமைகிறது. இது முக்கோணத்துக்கு வாய்த்த ஒரு தற்செயல். சீரான கம்பியை வளைத்து அதே முக்கோணத்தைச் செய்தால் மையம் நகர்ந்துவிடும். 18, 24, 30 செ.மீ. பக்கங்கள் கொண்ட செங்கோண முக்கோணத்தில், அட்டையின் மையம் 18 செ.மீ. பக்கத்திலிருந்து 8 செ.மீ. தொலைவில் உள்ளது, கம்பியின் மையமோ 9 செ.மீ. தொலைவில் உள்ளது. நீண்ட பக்கத்துக்குக் கம்பி அதிகம் செலவாவதால் மையம் அதன் பக்கம் சாய்கிறது. நாற்கரத்துக்கு வரும்போது அந்தத் தற்செயலும் கைவிட்டுவிடுகிறது: நான்கு முனைகளின் சராசரிப் புள்ளியும் அட்டையின் மையமும் பொதுவாக வெவ்வேறு இடங்கள். முனைகளின் ஆயத்தொலைவுகளைக் கூட்டி நான்கால் வகுத்துவிட்டு மையம் கிடைத்துவிட்டதாக எண்ணும் பிழை இங்குதான் நேர்கிறது.

சிக்கலான உருவங்களுக்கு உரிய வழி வெட்டிச் சேர்ப்பது. உருவத்தை மையம் தெரிந்த துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் பரப்பையும் அதன் மையத்தில் ஓர் எடையாக வைத்தால், மீதி வேலை சராசரி காண்பது மட்டுமே. தச்சரின் மூலைமட்டம் போன்று செங்கோணமாக மடங்கிய உருவம் ஒன்றை எடுத்துக்கொண்டால், அது இரண்டு செவ்வகங்களாகப் பிரிகிறது. முழு உருவத்தின் மையம் அவ்விரு செவ்வகங்களின் மையங்களை இணைக்கும் கோட்டில் எங்கோ இருக்கிறது. அதே உருவத்தை வேறு விதமாக வெட்டியும் இரண்டு செவ்வகங்களாக்கலாம் என்பதால், அவற்றின் மையங்களை இணைக்கும் இன்னொரு கோடும் கிடைக்கிறது. இரு கோடுகளும் வெட்டும் இடம்தான் மையம். அளவுகளே தெரியாமல், எந்தக் கணக்கும் போடாமல், ஓர் அளவுகோலின் நேர் விளிம்பு மட்டும் இருந்தால் மூலைவிட்டங்களைக் கொண்டு செவ்வக மையங்களையும், அவற்றைக் கொண்டு இப்புள்ளியையும் கண்டுவிடலாம். நாற்கரத்துக்கும் இதே உத்தி பயன்படுகிறது: ஒவ்வொரு மூலைவிட்டமும் அதை இரு முக்கோணங்களாகப் பிரிக்க, இரண்டு கோடுகள் கிடைக்கின்றன.

சேர்ப்பதைப் போலவே கழிக்கவும் செய்யலாம். மூலைமட்டத்தின் வெளிப்பக்கங்கள் 12 செ.மீ. நீளமும் கரங்கள் 4 செ.மீ. அகலமும் கொண்டவை என்றால், அது 12 செ.மீ. சதுரத்திலிருந்து 8 செ.மீ. சதுரம் ஒன்றை ஒரு மூலையில் வெட்டியெடுத்த உருவம்தான். பெரிய சதுரத்தின் பரப்பு 144, அதன் மையம் வெளிவிளிம்பிலிருந்து 6 செ.மீ. தொலைவில், நீக்கிய சதுரத்தின் பரப்பு 64, மையம் 8 செ.மீ. தொலைவில். 144ஐ 6ஆல் பெருக்கியதிலிருந்து 64ஐ 8ஆல் பெருக்கியதைக் கழித்து, மீந்த பரப்பாகிய 80ஆல் வகுத்தால் 4.4 செ.மீ. கிடைக்கிறது. கரத்தின் அகலமோ 4 செ.மீ. மட்டுமே. எனவே மையம் உருவத்துக்கு வெளியே, வெட்டியெடுத்த வெற்றிடத்தில் விழுகிறது. இந்த அட்டையை எந்த ஊசிமுனையிலும் கிடைமட்டமாக நிறுத்த முடியாது. தொங்கவிட்டு அளக்கும்போது வெற்றிடத்தின் குறுக்கே எடை பொருட்படுத்தத் தேவையற்ற மெல்லிய தாளை ஒட்டிக்கொண்டால் கோடுகள் அதன்மேல் வெட்டிக்கொள்ளும். வெற்றிடத்தை எதிர்மறை நிறை கொண்ட பொருளாகக் கருதும் இந்த உத்தி, துளையிட்ட தட்டுகள் அனைத்துக்கும் பொருந்தும்: வட்டத் தட்டின் விளிம்பைத் தொடுமாறு பாதி ஆரமுள்ள வட்டத் துளையிட்டால், மையம் எதிர்ப்புறமாக ஆரத்தில் ஆறில் ஒரு பங்கு நகர்கிறது.

வளைந்த விளிம்புகளிடம் வெட்டிச் சேர்ப்பது தடுமாறுகிறது. அரைவட்டத்தை எத்தனை முக்கோணங்களாக வெட்டினாலும் ஓரத்தில் ஏதோ மிஞ்சும். அங்கே தொகையிடல் என்னும் நுண்கணித முறை தேவைப்படும் என்றே பாடநூல்கள் சொல்லும். ஆனால் 4ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த பாப்பஸ் கூறியதும், 17ஆம் நூற்றாண்டில் சுவிட்சர்லாந்தில் பிறந்த பால் குல்டின் மீண்டும் வெளியிட்டதுமான ஒரு தேற்றம் அந்தச் சுமையைத் தவிர்க்கிறது. ஒரு தட்டை உருவத்தை, அதன் குறுக்கே செல்லாத ஓர் அச்சைச் சுற்றிச் சுழற்றினால் உண்டாகும் திண்மத்தின் கன அளவு, உருவத்தின் பரப்பையும் அதன் மையம் சுற்றிவந்த தொலைவையும் பெருக்கியதற்குச் சமம் என்பது அத்தேற்றம். அரைவட்டத்தை அதன் விட்டத்தைச் சுற்றிச் சுழற்றினால் கோளம் கிடைக்கிறது. கோளத்தின் கன அளவும் அரைவட்டத்தின் பரப்பும் முன்பே தெரிந்தவை. எனவே ஒன்றை மற்றதால் வகுத்தால் மையம் சுற்றிய வட்டத்தின் சுற்றளவும், அதிலிருந்து விட்டத்துக்கும் மையத்துக்கும் இடையேயுள்ள தொலைவும் கிடைத்துவிடுகின்றன. அது ஆரத்தில் சுமார் 0.424 பங்கு. 10 செ.மீ. ஆரமுள்ள அரைவட்ட அட்டையின் மையம் நேர் விளிம்பிலிருந்து 4.24 செ.மீ. தொலைவில் இருக்கும், ஆணியும் குண்டுநூலும் கொண்டு இதைச் சரிபார்த்துக்கொள்வது கடினமன்று.

கப்பலின் குறுக்குவெட்டு போன்ற, எந்தச் சூத்திரத்துக்கும் அடங்காத வளைகோடுகளுக்கு 19ஆம் நூற்றாண்டுப் பொறியாளர்கள் கருவிகளை நாடினர். சுவிட்சர்லாந்தின் யாக்கோப் ஆம்ஸ்லர் 1854இல் உருவாக்கிய பரப்புமானி, வரைபடத்தின் விளிம்பை ஒரு முனையால் சுற்றிவந்தாலே உள்ளடங்கிய பரப்பைக் காட்டும். அவரே வடிவமைத்த இன்னொரு கருவி திருப்புத்திறனையும் சேர்த்தே அளந்தது. இன்று கணினி அதே வேலையை, விளிம்பை நெருக்கமான புள்ளிகளால் ஆன பலகோணமாக்கி, ஏதேனும் ஒரு புள்ளியிலிருந்து ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு முக்கோணம் அமைத்து, சுற்றும் திசைக்கேற்பப் பரப்புக்குக் கூட்டல் குறியோ கழித்தல் குறியோ இட்டுச் செய்துவிடுகிறது. வெட்டிச் சேர்ப்பதும் கழிப்பதும் ஒரே சூத்திரத்துக்குள் ஒடுங்கியதே இதன் சிறப்பு.

நிலப்படங்கள் இந்தக் கணக்கின் பரப்பை விரிக்கின்றன. அமெரிக்கக் கடலோர, புவிப்பரப்பு அளவாய்வுத் துறை 1918இல் அந்நாட்டின் நிலவியல் மையத்தைக் கண்டது எந்த நுட்பக் கருவியாலும் அல்ல. 48 மாநிலங்களின் எல்லையை அட்டையில் வெட்டியெடுத்து, ஒரு முனைமேல் நிறுத்திப் பார்த்தது. அட்டை நின்ற புள்ளி கன்சாஸ் மாநிலத்தின் லெபனான் என்ற சிற்றூரின் அருகே விழுந்தது; அவ்வூர் இன்றும் அந்தப் பெருமையைத் தன் அடையாளமாகக் கொண்டிருக்கிறது. கோளத்தின் பரப்பைத் தட்டையாக்கும் எந்தப் படமும் எங்கோ ஓரிடத்தில் அளவுகளைத் திரிக்கும் என்பதாலும், வளைகுடாக்களையும் ஏரிகளையும் நிலத்தோடு சேர்ப்பதா வேண்டாமா என்பது கணிதம் தீர்க்கும் கேள்வியல்ல என்பதாலும், ஒரு நாட்டின் மையம் இதுதான் என்று மீட்டர் கணக்கில் அறுதியிட முயல்வது வீண் பிடிவாதம்.

மக்கள் தொகையின் மையம் அதைவிடச் சுவையானது. எடையற்ற, வளையாத ஒரு தட்டைப் படத்தின்மேல் நாட்டின் மக்கள் அனைவரும் சம எடையுடன் அவரவர் வசிக்கும் இடத்தில் நின்றால் அப்படம் எங்கே சமநிலை கொள்ளும் என்ற கேள்விக்கு, 1790 தொடங்கி ஒவ்வொரு அமெரிக்கக் கணக்கெடுப்புக்கும் விடை கணக்கிடப்பட்டிருக்கிறது. 1790இல் கிழக்குக் கரையோர மேரிலாந்தில் இருந்த அப்புள்ளி, 2020இல் மிசௌரி மாநிலத்தின் ஹார்ட்வில் அருகே வந்துவிட்டது. மக்கள் தொகையை வடக்கு தெற்காகவும் கிழக்கு மேற்காகவும் சரிபாதியாகப் பிரிக்கும் இடைநிலைப் புள்ளியையும் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை தனியே வெளியிடுகிறது. 2020இல் அது மிசௌரிக்குக் கிழக்கே இண்டியானா மாநிலத்தில் இருந்தது. சரிபாதிப் புள்ளிக்குக் கலிபோர்னியாவில் வசிப்பவரும் இண்டியானாவுக்கு மேற்கே அடுத்த மாநிலத்தில் வசிப்பவரும் ஒன்றே. சமநிலைப் புள்ளியையோ கலிபோர்னியாக்காரர் தம் தொலைவின் அளவுக்கு இழுக்கிறார். துடைப்பத்தின் கைப்பிடி செய்த அதே வேலையை இங்கே பசிபிக் கரையின் நகரங்கள் செய்கின்றன. இந்தக் கணக்கில் பூமியின் உருண்டையும் முற்றிலும் மறக்கப்படவில்லை: துருவத்தை நோக்கிச் செல்லச் செல்லத் தீர்க்கக் கோடுகள் நெருங்குவதால், கிழக்கு மேற்குத் தொலைவைக் கூட்டும்போது ஒவ்வொருவருடைய பங்கும் அவர் வசிக்கும் அட்சரேகையின் கொசைன் மதிப்பால் பெருக்கப்படுகிறது.